இன்னொரு அகப்பை

"அவ கையில இருக்குத மணம் எனக்கு வேணும்மா. இல்லைன்னா அவ கையை விட்டு அது போகணும். ரெண்டுல ஒண்ணை நீங்க பண்ணித் தரணும்."

வந்து உட்கார்ந்ததும் உலகம்மாள் கேட்டது இதைத்தான். கும்பிடுகூடப் பிறகுதான் போட்டாள்.

சிரட்டையம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. தேங்காய்ச் சிரட்டை ஒன்றை மடியில் வைத்து, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நார் உதிர்ந்து சேலையில் விழுந்தது.

மலையடிவாரத்தில் ஒரு பழைய கல்மண்டபம். அங்கேதான் அவள் இருந்தாள். சிரட்டையில் துளை போட்டு, மூங்கில் காம்பு செருகி, அகப்பை செய்வாள். வேண்டும் என்று வந்தவர்களுக்குக் கொடுப்பாள். மனக்குறையோடு வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள். பதில் சொன்னாலும் சொல்வாள், சொல்லாமல் விட்டாலும் விடுவாள்.

வயதில் அவள் உலகம்மாளுக்குத் தங்கையாகலாம். உலகம்மாளுக்கு அது வேறு ஒரு குறை. நரைத்த தாடியோடு ஒரு சாமியார் கிடைத்திருந்தால் அவருடைய காலில் நிம்மதியாக விழுந்திருப்பாள். என்ன செய்வது? வயிறு எரிகிறவள் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"யாரு கை?" என்றாள் சிரட்டையம்மா.

"எங்க வீட்டுச் சின்னவ. செண்பகம். என் கொழுந்தன் பெண்டாட்டி."

"அவ சமைச்சா என்ன?"

"இன்னொரு அகப்பை போடுங்காவ."

"நீ சமைச்சா?"

"தின்னுட்டு எந்திரிச்சுப் போறாவ."

சிரட்டையம்மா சில்லை மாற்றிப் பிடித்தாள்.

"நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாவளா?"

"எங்க வீட்டுலயா? பெண்டாட்டி சமையலை நல்லாருக்குன்னு சொல்லிட்டா ஆம்பளைக்குக் கிரீடம் எறங்கிரும்லா! சொல்ல மாட்டாவ. இன்னொரு அகப்பை போடுன்னு கேப்பாவ. எங்களுக்குப் பட்டும் அதுதான், பவுனும் அதுதான். அந்தப் பட்டும் பவுனும் பூராவும் அவளுக்கே போகுது. எனக்கு ஒரு கிழிஞ்ச துணி கெடையாது."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பாவம், பொய்யாக ஒன்றும் அழவில்லை.

*

அந்த வீட்டில் மாமனார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், செண்பகத்தின் கைக்குழந்தை. எல்லாருக்கும் அடுப்பு ஒன்றுதான்.

ஒருநாள் உலகம்மாள் முறை. மறுநாள் செண்பகம் முறை. யார் முறையோ அவளே சமைத்து, அவளே ஆண்களுக்குப் பரிமாறி, பிறகு மற்றவளுக்கும் போட்டுவிட்டு, கடைசியில் தான் சாப்பிட வேண்டும். மாமியார் போட்ட ஒழுங்கு அது. மாமியார் போன பிறகும் அது போகவில்லை.

செண்பகம் முறையன்று ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தால், உலகம்மாள் தொழுவத்துக்குப் போய்விடுவாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கு. கண்ணால் பார்க்கப் பிடிக்காது. ஆனால் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாதே.

"இன்னொரு அகப்பை போடும்மா." அது மாமனார்.

"இன்னும் கொஞ்சம் வை." அது கொழுந்தன் வேலாயுதம்.

மூன்றாவதாகக் கேட்கிற குரல் உலகம்மாளின் சொந்தப் புருஷன் குத்தாலிங்கத்தின் குரல். அதைக் கேட்கும்போதுதான் அவளுக்கு அடிவயிற்றில் கொள்ளி வைத்தது போல இருக்கும். மாடு குடித்து முடித்த பிறகும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்பாள்.

அவள் சும்மாவும் இருந்துவிடவில்லை.

செண்பகம் மிளகாய் வறுக்கிற நேரம் பார்த்து அடுக்களை ஜன்னலோரம் நின்று மோந்து பார்த்தாள். கொத்தமல்லி கூடவா, மிளகு கூடவா என்று மூக்காலேயே கணக்குப் போட்டாள். அது சரிப்படவில்லை என்று, அம்மியில் செண்பகம் அரைத்து வைத்த மசாலாவில் ஓர் உருண்டையைக் களவாடினாள். மறுநாள் அதே மசாலாவைப் போட்டு, அதே கத்தரிக்காயை வெட்டிப் போட்டு, அதே மண்சட்டியில் புளிக்குழம்பு வைத்தாள்.

மூன்று ஆண்களும் சாப்பிட்டார்கள். கையைக் கழுவினார்கள். குத்தாலிங்கம் ஓர் ஏப்பம் விட்டார். ஏப்பத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை.

*

"ஒருநாளு அவ குழம்புல ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுட்டேன்" என்றாள் உலகம்மாள், மண்டபத்துத் தூணைப் பார்த்துக்கொண்டு.

சிரட்டையம்மாவின் கை நின்றது.

"பொறவு?"

"உப்புக் கூடிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடு, இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு அன்னைக்குத்தான் எல்லாரும் ரொம்பக் கேட்டாவ."

சிரட்டையம்மா சிரித்துவிட்டாள். மடியிலிருந்த நாரெல்லாம் பறந்தது.

"சிரிங்க, சிரிங்க. உங்களுக்கு என்ன? தனி ஆளு. தை பொறந்ததும் நான் அடுப்பைப் பிரிக்கப் போறேன். எங்க அவியகிட்டச் சொல்லியாச்சு. கொத்தனாருகிட்டயும் சொல்லியாச்சு. பொறவாசல்ல செங்கலு வந்து கெடக்கு. மாமா எங்கூடப் பேசுததையே விட்டுட்டாவ."

"தனி அடுப்பு ஆயிட்டா தீந்துபோச்சே. பொறவு எங்கிட்ட எதுக்கு வந்த?"

"இப்படியே பிரிஞ்சா அவ கைதான் ஜெயிச்சுதுன்னு ஆயிரும்லாம்மா! ஊரு என்ன சொல்லும்? சின்னவ கைக்கு முன்னால நிக்க முடியாம பெரியவ ஓடிட்டாம்பாவ. அதுக்கு முன்ன ஒரே ஒருநாளாவது என் சோத்துக்கு அவிய வாயைத் தொறந்து கேக்கணும். கேட்டுட்டாவன்னா, நான் தலையை நிமித்திக்கிட்டுப் பிரிஞ்சு போவேன்."

சிரட்டையம்மா அவள் முகத்தை இப்போதுதான் நன்றாகப் பார்த்தாள்.

"பசிக்குதா தாயி?"

"காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை."

சிரட்டையம்மா எழுந்து போய்க் கஞ்சிப் பானையையும் ஒரு கிண்ணத்தையும் கொண்டுவந்தாள். உள்ளங்கைக் குழியளவே இருந்த ஒரு குட்டி அகப்பையால் ஒருமுறை மொண்டு ஊற்றினாள். மறுபடியும் போய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டாள்.

உலகம்மாள் குடித்தாள். கிண்ணம் காலி.

கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தாள். சிரட்டையம்மா கவனிக்கிற மாதிரி தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா."

ஊற்றினாள். அதே அளவு.

"இன்னும் கொஞ்சம்."

ஊற்றினாள்.

"எம்மா, இன்னும்…"

ஊற்றினாள். வயிறு ஒருவழியாக அடங்கியதும் உலகம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கஞ்சி எப்படி?" என்றாள் சிரட்டையம்மா.

"ஏன் பொய் சொல்லணும்? உப்பு இல்லை. தொட்டுக்கிட ஒரு வெங்காயம் இல்லை. எங்க மாடு குடிக்காது."

"பொறவு எதுக்குத் திரும்பத் திரும்பக் கேட்ட?"

"நீங்க ஊத்துனது நாக்கு நனையத்தானே கண்டுது? கேக்காம என்ன செய்ய…"

சொன்னவள் அப்படியே வாயைத் திறந்தபடி இருந்தாள்.

செண்பகம் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய பெட்டியில் சேலைக்கு நடுவே ஒரு சின்ன அகப்பை இருந்தது. தன் முறையில் அவள் அதைத்தான் சோற்றுப் பானைக்குள் விடுவாள். உலகம்மாளிடம் இருப்பது மாமியார் கொடுத்த அகப்பை. பெரிய தேங்காய், பெரிய சிரட்டை. அதில் இரண்டு போட்டால் தட்டில் சோறு கரையைத் தொடும். அதற்கு மேல் குழம்பு ஊற்றவே பாத்தி கட்ட வேண்டும். அப்புறம் யார் என்னத்தைக் கேட்பது?

செண்பகம் முறையன்று உலகம்மாள் மட்டும் அவள் போடுகிறவரை காத்திருக்க மாட்டாள். அவளிடம் தட்டை நீட்டுவதா என்று, தானே பானையை இழுத்துத் தன் பெரிய அகப்பையால் போட்டுக்கொள்வாள். அதனால் இத்தனை காலமும் இது கண்ணில் படவில்லை.

"அட பாவி!" என்றாள் உலகம்மாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவளுக்கு ஞானம் வந்திருக்கும். அவளுக்கு வந்தது ஒரு யோசனை.

"அம்மா, எனக்கும் சின்னதா ஒரு அகப்பை செஞ்சு தாங்க. அவகிட்ட இருக்கதைவிட ஒரு நூலு சின்னதா."

சிரட்டையம்மா மறுக்கவில்லை. ஒரு வார்த்தை புத்தி சொல்லவும் இல்லை. குவியலில் தேடிக் குட்டிச் சிரட்டையாக ஒன்றை எடுத்தாள். சுரண்டினாள், துளையிட்டாள், காம்பைச் செருகினாள். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் சாப்பிட்ட பொறவு, கேக்காத ஆளு யாருன்னு பாத்துட்டு வா" என்றாள்.

"இனி யாரு கேக்காம இருப்பா!" என்று சிரித்தாள் உலகம்மாள். மலையிலிருந்து குளிர்காற்று அடித்தது. அகப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

மறுநாள் அவள் முறை.

உளுந்தஞ்சோறு பொங்கினாள். எள்ளுத் துவையல் அரைத்தாள். அவியல் வைத்தாள். சமையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று தட்டிலும் புது அகப்பையால் அளந்து வைத்தாள். வைத்துவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். மார்கழிப் பனியில் எதற்கு விசிறி என்று யாரும் கேட்கவில்லை.

மாமனார் தட்டை வழித்தார். நிமிர்ந்தார். அவளோடு பேச்சை விட்டதை மறந்துவிட்டார்.

"இன்னொரு அகப்பை போடும்மா."

உலகம்மாளுக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

"மயினி, இங்கயும்" என்றான் வேலாயுதம்.

குத்தாலிங்கம்தான் கொஞ்சம் யோசித்தார். "என்னளா, இன்னைக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடுத?" என்றார். பிறகு அவரும் தட்டை நீட்டினார். அது போதாமல் இன்னொரு தடவையும் நீட்டினார்.

பந்தி முடிவதற்குள் உலகம்மாள் நடையே மாறிப்போயிற்று. அடுக்களைக்கும் கூடத்துக்கும் புதுப்பெண்ணாகப் போய்ப் போய் வந்தாள். அள்ளிப் போட்டபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிள்ளிப் போட்டதும் ஆளுக்கு ஆள் கெஞ்சுகிறார்கள். இந்தச் சூட்சுமம் தெரியாமல் எத்தனை படி அரிசியை வீணாக வடித்தோம் என்று இருந்தது அவளுக்கு.

ஆண்கள் எழுந்த பிறகு செண்பகம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உலகம்மாள் அவளுக்கும் அதே அகப்பையால் ஒன்று வைத்தாள்.

"இன்னைக்கு உங்க அத்தான் ரெண்டு தரம் கேட்டாவ, கவனிச்சியா?"

"கேட்டுதுக்கா. உங்க கைக்கு என்ன குறை?" என்றாள் செண்பகம்.

அந்தப் பேச்சில் ஒரு சொட்டுக் காந்தல் இருக்கிறதா என்று உலகம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லாதது அவளுக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பாடுபட்டு ஜெயித்திருக்கிறோம், தோற்றவள் கொஞ்சம் வாடினால் என்ன?

"இன்னும் வேணுமா?" என்று அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

"போதும்க்கா."

*

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. ஆண்கள் கேட்டார்கள். உலகம்மாள் போட்டாள். வீட்டில் இப்போது எந்த நாளும் "இன்னொரு அகப்பை" என்ற சத்தம்தான்.

கூடவே இன்னொரு சத்தமும் கிளம்பியது. குழந்தை அழுதது.

முதலில் செண்பகம் முறையன்று மட்டும் சாயங்காலத்தில் கொஞ்சம் சிணுங்குகிற பிள்ளை அது. இப்போது எல்லா நாளும் அழுதது. மார்பில் போட்டால் கொஞ்சம் குடித்துவிட்டு, காம்பை விட்டுவிட்டு, முகம் சிவக்க அழுதது.

"பிள்ளை ஏன் இப்படி வீறிடுது?" என்றார் மாமனார்.

"பனிக்கு இருக்கும் மாமா" என்றாள் செண்பகம்.

உலகம்மாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 'சமைக்கத் தெரிஞ்சா போதுமா, பிள்ளையை அமத்தத் தெரியலையே' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. பொறாமை வீட்டுக்குள் வந்துவிட்டால் தொட்டிலைக்கூட விட்டுவைக்காது.

தை பிறக்கப் போகிற நேரம். மறுநாள் கொத்தனார் வருவதாகச் சொல்லிவிட்டார். உலகம்மாள் விடிந்ததும் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

"ஜெயிச்சுட்டேம்மா! கொழுந்தன் கேட்டான், மாமா கேட்டாவ, அவிய தட்டை நீட்டிக்கிட்டே இருக்காவ. இனி நிமிந்து நடந்து பிரிஞ்சு போவேன்."

சிரட்டையம்மா ஒரு சிரட்டையின் உட்புறத்தைச் சுரண்டி முடித்திருந்தாள். அதை ஊதினாள்.

"கேக்காத ஆளு யாரு?"

"அதான் சொன்னேனே. கேக்காத ஆளே இல்லை."

"உங்க வீட்டுல மூணு பேருதான் சாப்பிடுதாவளா?"

"ஆம்பளைக மூணு பேருதான். இதுல பொம்பளைகளையுமா சேக்கணும்?"

சிரட்டையம்மா உட்புறம் முடித்த சிரட்டையைக் கவிழ்த்தாள். வெளிப்புறத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

உலகம்மாள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். நல்லபடியாக இரண்டு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

*

அன்றைக்கு அவள் முறை. ஆண்கள் சாப்பிட்டார்கள், கேட்டார்கள், போட்டாள், எழுந்தார்கள்.

செண்பகம் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை மடியில் கையைக் காலை உதைத்தது. உலகம்மாள் ஒரு அகப்பை வைத்துக் குழம்பு ஊற்றினாள். வழக்கமாக அதோடு அடுக்களைக்குள் போய்விடுவாள். இன்றைக்கு என்னமோ எதிரே உட்கார்ந்தாள்.

செண்பகம் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்தாள். மெதுவாக மென்றாள். அப்படியும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அதையும் சாப்பிட்டாள். தட்டை வழித்தாள். பிறகு செம்பை எடுத்து, தண்ணீரை மூச்சு விடாமல் கடைசிவரை குடித்தாள்.

"போதுமா?" என்றாள் உலகம்மாள்.

"போதும்க்கா."

சொல்லும்போது அவள் கண் சோற்றுப் பானையின் மேல் இருந்தது.

"பானையைப் பாத்துக்கிட்டே போதும்ங்கியே?"

"நான் பாக்கலக்கா!" செண்பகம் கையும் களவுமாகப் பிடிபட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏளா, வேணும்னா கேக்க வேண்டியதுதானே? ஆம்பளைக எல்லாம் கேக்காவல்லா?"

"எனக்குக் கேட்டுப் பழக்கமில்லக்கா."

"இதுல பழக்கம் என்ன?"

செண்பகம் பிள்ளையின் காலைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தாயும் தகப்பனும் போன பொறவு மாமா வீட்டுலதான் வளந்தேன். அத்தை ஒரு சின்ன அகப்பையில ஒண்ணு வைப்பா. ஒருநாளு இன்னும் கொஞ்சம்னு கேட்டுட்டேன். 'வயிறா, நெல்லுப் பத்தாயமா'ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டா. பொறவு நான் கேக்கவே இல்லை."

"அந்த அகப்பைதான் இதா? நீ கொண்டுவந்தது?"

"ஆமா. கல்யாணத்தன்னைக்குக் கையில குடுத்துவிட்டா. போற எடத்துல அளவாப் போடு, பேரைக் கெடுத்துராதன்னு சொன்னா. அளவுன்னா இதுதான்னு நெனச்சேன். இங்க மாமாவும் அத்தானும் இன்னொரு அகப்பை போடுன்னு கேக்கும்போதெல்லாம் எனக்கு, குறைச்சு வச்சுட்டேன்னு திட்டுதாவளோன்னு இருக்கும்."

உலகம்மாள் அவளையே பார்த்தாள். தொழுவத்தில் நின்று தான் எரிந்து எரிந்து கேட்ட பட்டும் பவுனும் இவளுக்கு இப்படியா இருந்திருக்கிறது?

"இங்க வந்த மறுநாளு உங்க முறை" என்றாள் செண்பகம். "பெரிய அகப்பையில ரெண்டு வச்சிய. தட்டு நெறஞ்சிட்டு. ஆம்பளைகளுக்கு வச்ச தட்டை எனக்கு மாத்தி வச்சிட்டியளோன்னு கையை வைக்காம முழிச்சுக்கிட்டு இருந்தேன். 'என்னளா பாக்க, தின்னு, ஆறுது'ன்னு ஒரு அதட்டுப் போட்டிய. உங்களுக்கு நெனவு இருக்காது."

அவளுக்கு நினைவு இல்லைதான்.

"கேக்காமலே ஒரு ஆளு வயித்தை நெறைக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுல இருந்து, என் முறையில எனக்கு வச்சுக்கிடுத ஒரு அகப்பையோட அரை வயிறா இருந்தாலும் எனக்குக் கவலை இருக்காது. நாளைக்கு அக்கா முறைன்னு நெனச்சுக்கிடுவேன்."

உலகம்மாள், உப்பை அள்ளிய கை இதுதானே என்று தன் கையைப் பார்த்தாள். அந்த உப்புக் குழம்பை இவளும்தான் சாப்பிட்டிருப்பாள், ஒரு வார்த்தை சொல்லாமல். அவமானத்தில் அவளுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"இப்ப என்ன கோவமோ, அகப்பையை மாத்திட்டிய. நான் என்ன தப்புச் செஞ்சேன்னு தெரியலை. கேக்கவும் பயம்."

பிள்ளை மறுபடியும் அழ ஆரம்பித்தது. செண்பகம் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். பின்வாசலில் அடுக்கியிருந்த செங்கல் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்தாள்.

"எக்கா."

"என்னளா?"

"ஒண்ணு கேக்கணும். எனக்குன்னா கேக்க மாட்டேன். பிள்ளைக்குப் பாலு பத்தலை."

"கேளு."

"தனி அடுப்பு வச்ச பொறவும், ஒருநாளு விட்டு ஒருநாளு நான் தட்டை எடுத்துக்கிட்டு உங்க அடுக்களைக்கு வந்தா, பழைய அகப்பையில ஒண்ணு போடுவியளா?"